அரியலூர்ப் பாறைகளில் பழங்கடல் ஏறிய தடத்தைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலிருந்து கொளக்காநத்தம் போகும் வழியில் பயிர் எதுவும் நிற்காத ஒரு பெரிய பொட்டல் இருக்கிறது. மழைநீர் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய ஓடைகள், பழுப்பும் சாம்பலும் கலந்த களிமண் மேடுகள். குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டா மாதிரியான கல் துண்டுகள் கிடக்கும். அவை பெலெம்னைட்டுகள், அதாவது கணவாய்க்குத் தூரத்து உறவான ஓர் உயிரின் உள்ளோடு. இன்றைய கடற்கரை இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

இங்கே கடல் இருந்தது என்று சொல்ல அந்த ஒரு துண்டு போதும். அந்தக் கடல் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா, ஏறியது எங்கே நின்றது என்பதைச் சொல்ல அது போதாது. அதற்கு அடுக்குகளையும், அவற்றைவிட முக்கியமாக ஓர் அடுக்கு இன்னொன்றைத் தொடும் கோட்டையும் படிக்க வேண்டும். புவியியல் மாணவர்கள், ஆசிரியர்கள், கல்லைத் தேடி அலையும் ஆர்வலர்கள் ஆகியோருக்காக அந்த வேலையை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். கடல்கோள் என்றதும் நமக்குப் பழைய இலக்கியம் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது 11 கோடி ஆண்டுகளுக்கும் 6 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலம். மனிதர் யாரும் இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் 'கடலேற்றம்', 'கடலிறக்கம்' என்ற சொற்களையே பயன்படுத்துகிறோம்.

கடல் ஏறும்போது மண்ணுக்கு என்ன ஆகிறது

கரையோரச் சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். கடல் மட்டம் 10 மீட்டர் ஏறினால் கரைக்கோடு 10 கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும். ஆறு கொண்டுவரும் மணலும் கூழாங்கல்லும் புதிய முகத்துவாரத்திலேயே தங்கிவிடுகின்றன. பழைய கரை இருந்த இடம் இப்போது ஆழம், அங்கே மெல்லிய களி மட்டுமே போய்ச் சேரும். கடல் இன்னும் ஏறினால் களிகூடக் குறைந்து, நூற்றாண்டுக்கணக்கில் விரற்கடை அளவு மண் சேர்வதே அரிதாகிவிடும். இதனால் ஒரே இடத்தில் கீழிருந்து மேலாகக் கூழாங்கல், மணல், வண்டல், களி என்று துகள் மெலிந்துகொண்டே போகும். ஏற்றம் தளர்ந்ததும் ஆறு மறுபடி கடலை நிரப்பத் தொடங்கும், துகள் மேல்நோக்கிப் பருக்கும்.

அருகருகே ஒரே நேரத்தில் படிந்த சூழல்கள், கரை நகரும்போது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. 1894-இல் ஜெர்மன் புவியியலாளர் யோகன்னஸ் வால்தர் சொன்ன விதி இது. அதில் ஒரு நிபந்தனை உண்டு. அடுக்குகளுக்கு நடுவே அரிப்போ இடைவெளியோ இருக்கக்கூடாது. அரிப்புக் கோடு குறுக்கே வந்தால், மேலே இருப்பதும் கீழே இருப்பதும் அக்கம்பக்கத்துச் சூழல்கள் என்று சொல்லும் உரிமை போய்விடும். வால்தர் விதியை ஒப்பிக்கும் பலர் இந்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்.

கடல் ஏறுவதும் கரை பின்வாங்குவதும் ஒரே விஷயம் அல்ல. கடல் ஏறும் வேகத்தைவிட ஆறு மண் கொட்டும் வேகம் அதிகமானால், கடல் ஏறும்போதே கரை கடலுக்குள் முன்னேறும். படுகையின் தரை பிளவுகளால் தாழ்ந்தால், கடல் மட்டம் அசையாமலே நீர் ஆழமாகும். ஆகவே பாறையில் தெரிவது 'அந்த இடத்தில் நீர் ஆழமானது' என்பது மட்டும்தான். 'உலகக் கடல் உயர்ந்தது' என்பது அதற்கு அடுத்த படி.

ஏன் அரியலூர்

காவிரிப் படுகை, இந்தியா பழைய பெருங்கண்டமான கோண்டுவானாவின் கிழக்குப் பக்கத்திலிருந்து பிய்ந்தபோது உண்டான பிளவுப் பள்ளம். வடகிழக்கு–தென்மேற்காக நீளும் மேடும் பள்ளமுமான அடித்தளம். அடியில் நைஸும் சார்னோக்கைட்டும், அதாவது மிகப் பழைய கெட்டிப் பாறைகள். பெரும்பகுதி வண்டலுக்குக் கீழே புதைந்துவிட்டது. மேற்கு விளிம்பில், பெரம்பலூர்–அரியலூர்–லால்குடி வட்டாரத்தில் மட்டும் கிரிட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்) பாறைகள் பரந்து வெளியே தெரிகின்றன. விருத்தாசலத்துக்கும் புதுச்சேரிக்கும் அருகில் சிறு திட்டுகள் உண்டு.

1840-களில் கேயும் கன்லிஃபும் சேகரித்த ஓடுகளைப் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். 1862-இல் புவியியலாளர் பிளான்ஃபோர்ட் வரைபடம் வரைந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிஸ்கா அவற்றின் உயிரினங்களை விரிவாக எழுதினார். அந்த மூன்று பெயர்களும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

இந்தக் காலத்தில் உலகக் கடலே உயரமாக இருந்தது. துருவங்களில் பெரிய பனிப்படலம் இல்லை. நடுக்கடல் முகடுகளில் புதுப் பாறை வேகமாகப் பிறந்து, சூடாகவும் உப்பலாகவும் இருந்ததால் நீர் வெளியே தள்ளப்பட்டது. கிரிட்டேசியஸின் உட்காலங்களான செனோமானியன், டுரோனியன் இரண்டின் எல்லையை ஒட்டி, சுமார் 9.39 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றையதைவிட 100 முதல் 250 மீட்டர் வரை உயர்ந்திருந்தது என்பது பொதுவான மதிப்பீடு. மதிப்பீடுகளுக்குள் இவ்வளவு அகலமான வித்தியாசம் இருப்பதையும் மனதில் வையுங்கள்.

படி 1: கிளம்புமுன்

தை முதல் மாசி வரை நல்ல காலம். மழை ஓடைச் சுவர்களைப் புதிதாகக் கழுவியிருக்கும், களியும் காய்ந்திருக்கும். ஐப்பசியில் போனால் காரைக் களி செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நிழலே கிடையாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை: புவியியல் சுத்தியல், 10 மடங்கு கைவில்லை, சாய்வுமானியோடு கூடிய திசைகாட்டி, 30 மீட்டர் நாடா, 1.5 மீட்டர் அளவுக்கம்பு, துகள் அளவு அட்டை, சிறு மண்வெட்டி, கத்தி, கட்டத் தாள், அழியாத மை, உறைகள். கூடவே சொட்டுக்குப்பியில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடையில் கிடைக்கும் அடர் அமிலம் பெரும்பாலும் 33 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மூன்று பங்கு நீருக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக அமிலம் சேர்த்தால் சரி. நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் தெறிக்கும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் பெரும்பாலும் சிமென்ட் ஆலைகளின் கையில். எழுத்து அனுமதி, தலைக்கவசம், வெடி வைக்கும் நேரம் ஆகிய மூன்றையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சாத்தனூரில் படுத்திருக்கும் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அங்கே சுத்தியலை எடுக்கவே கூடாது. பெயர் தெரியாத ஓட்டை அடையாளம் காண, பொட்டலில் இன்னொன்றை உடைப்பதைவிட வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடுவது மேல்.

படி 2: மேற்கிலிருந்து கிழக்காக நடங்கள்

அடுக்குகள் பொதுவாகக் கிழக்கு–தென்கிழக்காக மெல்லச் சாய்கின்றன. ஆகவே மேற்கே பழசு, கிழக்கே புதுசு. சமதரையில் நடந்துகொண்டே காலத்தில் மேலேறலாம்.

இங்கேதான் முதல் தவறு நடக்கும். நடந்த தூரம் தடிமன் ஆகாது. சமதரையில் சாய்வின் திசையிலேயே நடந்தால், தடிமன் என்பது தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கியது. 1000 மீட்டர் நடந்து சாய்வு 4 பாகை என்றால் தடிமன் சுமார் 70 மீட்டர். அதே இடத்தில் சாய்வை 6 பாகை என்று தப்பாக எடுத்தால் 105 மீட்டர். இரண்டே பாகைப் பிழை தடிமனை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது. களியில் சாய்வு எடுக்காதீர்கள், அது சரிந்திருக்கும். இடையில் வரும் கெட்டியான சுண்ணாம்பு அல்லது மணற்கல் பட்டையில், ஐந்தாறு இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

குத்தான சுவர் கிடைத்தால் அளவுக்கம்பை அடுக்குக்குச் செங்குத்தாகச் சாய்த்துப் பிடித்து, 1.5 மீட்டராக ஏறுங்கள். தாளில் 1 சென்டிமீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் வரையுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் துகள் அளவு, நிறம், அமிலத்தில் பொங்குகிறதா, ஓடுகள், வளைகள், மேல் கீழ் எல்லையின் தன்மை ஆகியவற்றைக் குறியுங்கள். துகளுக்கான எல்லைகள்: 2 மில்லிமீட்டருக்கு மேல் கூழாங்கல், 0.063 வரை மணல், 0.004 வரை வண்டல், அதற்கும் கீழே களி. வண்டலா களியா என்று சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையைப் பல்லில் வைத்து அரையுங்கள். நறநறத்தால் வண்டல், வெண்ணெய் மாதிரி போனால் களி.

படி 3: எல்லைக் கோடுகளைத் தேடுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. ஒரு நாளில் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

ஓடைச் சுவரில் களியும் மணலும் சந்திக்கும் இடம் வெளியே சரியாகத் தெரியாது. மேலிருந்து வழிந்த சேறு அதை மூடியிருக்கும். மண்வெட்டியால் 30 சென்டிமீட்டர் உள்ளே வெட்டி, கத்தியால் வழித்துச் சமமாக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். இப்போது பாருங்கள்.

அலை அரித்த கோடாக இருந்தால் அடிக்களி கத்தி வெட்டியதுபோல் நறுக்கென்று முடியும். அதிலிருந்து கீழ்நோக்கி விரல் தடிமனில் குழாய்கள் இறங்கும். இறால், நண்டு வகைகள் தோண்டிய வளைகள் அவை. சுற்றிலும் சாம்பல் களி, குழாய்க்குள் மட்டும் மேலே உள்ள பரல் மணல். களி ஏற்கெனவே இறுகியிருந்ததால்தான் வளை இடியாமல் நின்று, பிறகு மேல் மணல் உள்ளே விழுந்து அடைத்திருக்கிறது. வளையின் சுவரில் கிளிஞ்சல்கள் துளையிட்டிருந்தால் அடி இன்னும் கெட்டியாக இருந்தது என்று பொருள். கோட்டுக்கு நேர்மேலே ஒரு சாண் தடிமனுக்குள் உருண்ட கற்கள், உடைந்த ஓடுகள், சுறாப்பற்கள் குவிந்திருக்கும். முன்னேறிய கரையின் அலை தரையைச் சீவி, மெல்லியதை அடித்துக்கொண்டு போய், கனமானதை விட்டுப்போன எச்சம் இது. கடலேற்றத்துக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது.

இரண்டாவது வகை, கடல் வருவதற்கு முன்பே நிலம் வெளியே கிடந்து அரிக்கப்பட்ட கோடு. நைஸின் மேல் கடல் அடுக்கு நேரடியாக உட்காரும் இடங்களில் இது தெரியும். கீழ்ப்பாறை சிதைந்து மண்ணாகியிருக்கும், நைஸ் உருண்டைகள் கடல் அடுக்கின் அடியில் சிக்கியிருக்கும். பல இடங்களில் அலை இந்தக் கோட்டையும் சீவியிருப்பதால் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். அப்படியானால் இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

மூன்றாவது, கடல் அதிகபட்சம் ஏறிய நிலை. இது கண்ணைக் கவரும் கோடு அல்ல, சில மீட்டர் தடிமனுள்ள மண்டலம். மிக நுண்ணிய களி, அதில் பாஸ்பேட் உருண்டைகள், கிளாக்கோனைட் (கடலடியில் உருவாகும் பச்சைக் கனிமம்) மணிகள், நெருக்கமாக அம்மோனைட்டுகள் (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிர்கள்). மண் வரவு நின்றுபோனதால் பல ஆயிரம் ஆண்டுகளின் ஓடுகள் ஒரே தட்டில் சேர்ந்துவிட்டன. ஊட்டத்தூர்த் தொகுதியின் களியில் பாஸ்பேட் உருண்டைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. சந்தேகமிருந்தால் பொடியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து ஆய்வகத்தில் லேசாகச் சூடாக்குங்கள். மஞ்சள் படிவு வந்தால் பாஸ்பேட்.

படி 4: வரிசையைக் கட்டுங்கள்

அடியில் தெரணி வட்டாரத்து வெள்ளைக் களி. சைக்காஸை ஒத்த இலைப் பதிவுகள், கடல் ஓடு கிடையாது. கடலுக்கு முந்தைய நிலம்.

அதன்மேல் ஊட்டத்தூர்த் தொகுதி. கல்லக்குடிச் சுரங்கத்தில் (டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி 1953-இல் போராட்டம் நடந்த அதே கல்லக்குடி) சாம்பல் நிறக் களிப்பாறையும் பவளம், பாசி கட்டிய சுண்ணாம்புக்கல்லும் தெரியும். பவளமும் பாசியும் வளர வெளிச்சம் வேண்டும், கலங்கல் கூடாது. ஏறிவந்த கடல் ஆற்று மண்ணைப் பின்னுக்குத் தள்ளியதால்தான் இந்த விளிம்பில் தெளிந்த, ஆழம் குறைந்த நீர் கிடைத்தது. ஆனால் கடல் நிற்கவில்லை. பவளத்திட்டு வளரும் வேகத்தை நீர் முந்தியது, திட்டு மூழ்கியது, அதன்மேல் காரைக் களி சில நூறு மீட்டர் தடிமனுக்கு மூடியது. செனோமானியனுக்கு முந்தைய ஆல்பியன் காலத்தில் தொடங்கி டுரோனியன் வரை நீளும் இந்தக் களிதான் இந்தப் பகுதியின் மிகப் பெரிய கடலேற்றப் பதிவு. உலகக் கடல் உச்சத்தில் இருந்த காலமும் இதற்குள்தான் விழுகிறது. படுகையின் ஆழத்தில், ஆழ்துளைக் கிணறுகளில், இதே காலத்தை ஒட்டிய களிப்பாறைக்குச் சட்டபாடி என்று பெயர். காவிரிப் படுகை எண்ணெய்க்கு மூலப்பாறைகளில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். மண் வரவு குறைந்து, அடிநீரில் ஆக்சிஜனும் குறைந்தால் கரிமப்பொருள் அழியாமல் தங்கும்.

காரைப் பொட்டலிலிருந்து கொளக்காநத்தம் பக்கம் மேலேறினால் களி விட்டு மணற்கல் வரும். திருச்சிராப்பள்ளித் தொகுதி தொடங்குகிறது, நடுவே அரிப்புக் கோடு. கருடமங்கலம் வட்டாரத்தில் ஓடுகள் செறிந்த சுண்ணாம்புக்கல் பட்டைகள் உண்டு. மெருகிட்டுத் 'திருச்சி மார்பிள்' என்று விற்ற கல் இதுதான். சாத்தனூர்க் கல்மரமும் இந்தத் தொகுதிக்குள், கடல் ஓடுகள் கிடக்கும் அடுக்குகளில் இருக்கிறது. கரை அவ்வளவு அருகில் இருந்தது, ஆறு மரத்தை அடித்துக்கொண்டு வந்து கடலில் விட்டது.

அரியலூர்த் தொகுதி, டுரோனியனுக்குப் பிந்தைய காம்பேனியன் காலத்துச் சில்லக்குடி மணற்கல்லோடு புதுக் கடலேற்றமாகத் தொடங்குகிறது. வடக்கே போகப் போக இது பழைய இரண்டு தொகுதிகளையும் தாண்டிப் போய் நேரடியாக நைஸின்மேல் உட்காருகிறது. முன்பு கடல் தொடாத நிலத்தையும் தொட்டிருக்கிறது என்பதை ஓடு எதுவும் பார்க்காமல் வரைபடத்திலேயே வாசித்துவிடலாம். அதன்மேல் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், கனத்த கிரிஃபியாச் சிப்பிகளின் திட்டுகள். சுரங்கச் சுவரில் சிப்பிகள் இரு ஓடும் மூடியபடி, நின்ற நிலையில் இருந்தால் வாழ்ந்த இடத்திலேயே புதைந்தவை. ஓடுகள் பிரிந்து, முதுகுப்பக்கம் மேலே இருந்தால் அலை புரட்டியவை. இரண்டும் அடுத்தடுத்து மாறி மாறி வரும்.

பிறகு ஒட்டக்கோவில் மணற்கல், அதன்மேல் கல்லமேடு. கல்லமேட்டில் கடல் ஓடு இல்லை. ஆற்று மணல், களி, டைனோசர் எலும்புத் துண்டுகள். கடல் இறங்கிவிட்டது. அதற்கும் மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல், 6.6 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய டேனியன் காலம். கடல் திரும்பி வந்தது, ஆனால் அம்மோனைட்டுகளும் பெலெம்னைட்டுகளும் அதோடு வரவில்லை.

படி 5: நுண்ணுயிர்களால் ஆழத்தைச் சரிபார்த்தல்

கண்ணுக்குத் தெரியும் துகளை மட்டும் நம்பாதீர்கள். மீட்டருக்கு ஒரு மாதிரி, எல்லைக் கோடுகளுக்கு அருகில் 10 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்று. 100 கிராம் களியை நன்றாகக் காயவைத்து, ஒரு கரண்டி சலவைச் சோடா கலந்த நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். முதலில் காயவைக்காவிட்டால் களி கரையாது, கட்டியாகவே நிற்கும். மறுநாள் 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீரோட்டத்தில் கழுவி உலர்த்தி, நுண்ணோக்கியில் 40 மடங்கில் பாருங்கள். சல்லடையை ஒவ்வொரு மாதிரிக்கும் மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுங்கள். அடுத்த மாதிரியில் நீல நிற ஓடு தெரிந்தால் அது பழைய மாதிரியிலிருந்து வந்தது.

300 ஃபோராமினிஃபெரா (ஓடுடைய ஒருசெல் கடலுயிர்கள்) எண்ணி, அவற்றில் மிதப்பவை எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 20-க்குக் கீழே இருந்தால் கரைக்கு அருகு, 70-ஐத் தாண்டினால் திறந்த ஆழ்கடல் பக்கம் என்பது தோராயக் கணக்கு. மிதப்பவற்றின் ஓடு மெல்லியது, சிதைந்த களியில் முதலில் கரைவது அதுதான். ஓடுகளில் பள்ளமும் உடைசலும் அதிகம் இருந்தால் அந்த எண்ணை ஒதுக்குங்கள்.

எங்கே தப்பு நடக்கிறது

ஜிப்சம்: காரைக் களியில் பட்டு நூல் மாதிரி வெள்ளை ஜிப்சம் நரம்புகள் ஓடுகின்றன. பார்த்தவுடன் 'உப்பங்கழி வற்றியது, கடல் இறங்கியது' என்று எழுதிவிடுகிறார்கள். நரம்புகள் அடுக்கை வெட்டிக்கொண்டு போகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் போகும். களியில் இருந்த பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் மழைநீரும் பட்டு கந்தக அமிலமாகி, அது ஓடுகளின் சுண்ணாம்போடு சேர்ந்து உண்டானது. வெகு பின்னால் நடந்தது, கடல் மட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சுக்கான்கல்: சுண்ணாம்புக்கல் போல இதுவும் அமிலத்தில் பொங்கும். மண்ணில் ஏறி இறங்கும் நீர் விட்டுப்போன சுண்ணாம்பு இது. முண்டு முண்டாக இருக்கும், வேர்த்துளை தெரியும், நில மட்டத்தைப் பின்பற்றுமே தவிர அடுக்கின் சாய்வைப் பின்பற்றாது. சுக்கானைச் சுண்ணாம்புக்கல் பட்டை என்று குறித்தால் இல்லாத கடலேற்றம் ஒன்று தாளில் முளைத்துவிடும்.

உருண்டு வந்த ஓடு: சரிவில் கிடக்கும் பெலெம்னைட் எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று தெரியாது. பாறைக்குள் பதிந்திருப்பதை மட்டும் எண்ணுங்கள். மற்றதற்குத் தனிக் குறி போடுங்கள்.

ஆற்று வாய்க்கால்: ஆறு விட்டுப்போன மணலும் மேல்நோக்கி மெலியும். துகள் மெலிந்தது என்பதற்காக மட்டும் கடலேற்றம் என்று எழுதக்கூடாது. கடல் ஓடு, வளைகள், கிளாக்கோனைட் ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும். கிளாக்கோனைட் வெயிலில் துருப்பழுப்பாக மாறிவிடும், கல்லை உடைத்து உள்ளே பாருங்கள்.

புயல்: ஓடு குவிந்த ஒவ்வொரு பட்டையும் கடலேற்ற எச்சம் அல்ல. ஒரு சாணுக்குக் கீழ், அடி கூர்மையாக, மேலே படிப்படியாக மெலிந்து, சில நூறு மீட்டரில் மறைந்துவிட்டால் ஒரு புயல் போட்டது. அரிப்புக் கோடு கிலோமீட்டர் கணக்கில் தொடர்ந்தால்தான் கடலேற்றம்.

படி 6: தூண்களை இணைத்தல்

குறைந்தது மூன்று இடங்களில் அளந்து வரைந்த அடுக்கு வரிசைகளை, அதாவது தூண்களைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். மணலின் அடியை ஒரே கோடாக இணைக்காதீர்கள். கரை நகர்ந்துகொண்டே வந்ததால் அந்த மணல் கிழக்கே முன்பும் மேற்கே பின்பும் படிந்தது. கடல் அதிகபட்சம் ஏறிய மண்டலத்தை ஒரே மட்டமாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து தொங்கவிடுங்கள். எல்லாத் தூண்களுக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தைத் தருவது அதுதான்.

இணைத்த பிறகு ஒரு தூணில் மட்டும் களி இரட்டிப்புத் தடிமனாக இருந்தால், அதற்கும் அடுத்த தூணுக்கும் நடுவே பழைய பிளவு ஒன்று இருக்கிறதா என்று வரைபடத்தில் தேடுங்கள். இருந்தால் அங்கே தரை தாழ்ந்திருக்கிறது, கடலின் கணக்கில் அந்தக் கூடுதல் தடிமனைச் சேர்க்காதீர்கள். எல்லாத் தூண்களிலும் அதே அம்மோனைட் மண்டலத்தில் (குறிப்பிட்ட அம்மோனைட் இனம் காலத்தைக் காட்டும் அடுக்கில்), அதே கோடு வந்து, புதுச்சேரி, விருத்தாசலம் பக்கத்துத் திட்டுகளிலோ ஆழ்துளைக் கிணறுகளின் காமாப் பதிவிலோ (பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை அளந்த வரைவு, களியில் அது கூடும்) அதே காலத்தில் களி உச்சம் தெரிந்தால், அப்போது உலகக் கடல் மட்ட வரைபடத்தைப் பக்கத்தில் எடுத்து வைக்கலாம். அந்த வரைபடத்தை முதலிலேயே விரித்து வைத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனவர்களுக்கு, எதிர்பார்த்த கோடு எதிர்பார்த்த இடத்தில் தவறாமல் கிடைத்துவிடுகிறது.